சலங்கை வராத ஹெட்போன்

உண்ணாமலைக்குத் தனக்கென்று ஒரு நாளில் இரண்டு முறைதான் நேரம் கிடைக்கும். காலையில் தேவிகாபுரத்திலிருந்து ஆரணிக்குப் போகும் பேருந்தில் ஒருமுறை, சாயங்காலம் அதே வழியில் திரும்பும்போது ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் யாருக்காவது போய்விடும். விடிந்தால் அடுப்பு. அது முடிந்தால் ஆரணியில் மாணிக்கவேலின் விசைத்தறிக் கொட்டகை. இருட்டினால் மறுபடியும் அடுப்பு. புருஷன் வீரபாகு பெங்களூரில் கட்டட வேலை செய்தான். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். மகள் தேவிப்ரியா கல்லூரியில் முதல் வருடம். யாரும் உண்ணாமலையைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை. அந்தப் பேருந்து ஓடும் நேரத்தில்தான் அவள் தனக்கு வேண்டியதைச் செய்தாள். பாட்டுக் கேட்டாள்.

எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட பாட்டுகள். சாமிப் பாட்டு, சினிமாப் பாட்டு, கூத்துப் பாட்டு என்ற பேதமெல்லாம் கிடையாது. மகள் அவற்றைத் தேடிப் பிடித்துத் தன் பழைய செல்போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் உண்ணாமலையின் முகமே வேறாகிவிடும். புதிய பாட்டுகள் மட்டும் அவளுக்கு ஆகாது.

"இப்ப வர்றதெல்லாம் ஒரு பாட்டா? டம்மு டம்முனு இடிக்குது. ஒரு புல்லாங்குழல் இருக்குதா, ஒரு சலங்கை இருக்குதா?" என்பாள். தேவிப்ரியா கண்ணை உருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

ஒருநாள் காலையில் பேருந்தில் பெரிய ரகளையாகிவிட்டது. முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பி ஏதோ சொன்னான். இவள் கவனிக்கவில்லை. அவன் எழுந்து நின்று கையை ஆட்டினான்.

"யம்மா, இது பஸ்ஸா, இல்ல தேர்த் திருவிழாவா? எம்மாஞ் சத்தம்! காது கிழியுது."

"காதுகிட்டதான வெச்சிகினு இருக்கேன். உனக்கு எங்க வந்து இடிச்சிது?"

"உன் காதுகிட்ட வெச்சா என் காதுல கேக்குது. நாலு சீட்டு தாண்டிக் கேக்குது. கேட்டுப் பாரு!"

கண்டக்டர் வந்து சமாதானம் செய்தார். "ஹெட்போன் மாட்டிகினு கேளும்மா. இல்லன்னா ஆஃப் பண்ணு. காலங்காத்தால பேஜாரு வேணாம்."

உண்ணாமலை ஆஃப் செய்தாள். அன்று சாயங்காலமும் பாட்டில்லாமல் வீடு வந்து சேர்ந்தாள். பாட்டில்லாத பேருந்தில் அவள் கால் வலித்தது, இடுப்பு வலித்தது, நாளைக்கு என்ன குழம்பு என்ற யோசனை வந்தது. அந்த வழி இவ்வளவு நீளம் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ராத்திரி சோறு போடும்போது மகளிடம் சொன்னாள், "ப்ரியா, எனக்கு ஒரு ஹெட்போன் வாங்கணும்டி."

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஜினேந்திரன் செல்போன் சாமான் கடை வைத்திருந்தான். சேத்துப்பட்டுப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களான நயினார் குடும்பம். வீட்டில் எல்லோரும் நிலம், படிப்பு என்று இருக்க, இவன் மட்டும் கடைக்கு வந்துவிட்டவன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் மகளும் அவன் கடைப் படியேறினார்கள்.

"தம்பி, பாட்டு கேக்கறதுக்கு ஒண்ணு வேணும். பஸ்ஸுல கேக்கறதுக்கு."

"உள்ள சொருகறதா, மேல மாட்டறதாக்கா?"

"உள்ள சொருகறது வேணாம். வாய அசைச்சா கீழ வுழுந்துடுது."

"எங்கம்மா வாய் சும்மாவே இருக்காதுண்ணா," என்றாள் தேவிப்ரியா.

ஜினேந்திரன் முதலில் எடுத்துக் கொடுத்தது பெரியது. காதை முழுவதுமாக மூடும் வகை. உண்ணாமலை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றினாள். "தலையில சட்டியக் கவுத்தா மாதிரி இருக்குது. கொட்டகையில இருந்து வேர்வையோட வருவேன் தம்பி, இத மாட்டினா காது வெந்துடும்." அடுத்தது கழுத்தில் மாலை போலக் கிடப்பது. தினமும் சார்ஜ் போட வேண்டும் என்றதும் அதையும் ஒதுக்கினாள். வீட்டில் இருப்பது ஒரே சார்ஜர், அதற்கே மகளோடு சண்டை. மூன்றாவது ஒன்று நன்றாக இருந்தது. ஆனால் அதன் வட்டம் சரியாகத் தோட்டின் மேல் உட்கார்ந்து, தோட்டின் திருகாணியைக் காதுக்குப் பின்னால் குத்தியது.

"தோட்டக் கழட்டிட்டு கேளும்மா," என்றாள் மகள்.

"பாட்டுக்காக எவளாவது தோட்டக் கழட்டுவாளா? பஸ்ஸுல தொலைஞ்சா உங்கப்பன் செஞ்சி போடுவானா?"

ஜினேந்திரன் சிரித்துக்கொண்டே மேல் அடுக்கில் கைவிட்டு ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். "இது ஒயர் வெச்சது. இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல. சார்ஜ் வேணாம், வெயிட் இல்ல. இங்க பாருங்க." தலைப்பட்டையை இரண்டு பக்கமும் உள்ளே மடக்கினான். மடக்கியதும் அது ஒரு பிடி கொழுக்கட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. காதில் படும் இடத்தில் கறுப்பு நுரைப்பஞ்சு. மாட்டிப் பார்த்தாள். தோட்டுக்கு மேலாகவே நின்றது. தலையில் ஏதோ பூ வைத்தது போலத்தான் இருந்தது. மடக்கித் தூக்குப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பையில் செருகிப் பார்த்தாள். இடம் சரியாக இருந்தது. விலையும் அவள் கைக்கு எட்டியது. செல்லில் செருகி ஒரு பழைய பாட்டைப் போட்டாள். தெருவில் ஹாரன் சத்தம், பக்கத்து ஜூஸ் கடை மெஷின் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு வந்தது.

"இதே குடு தம்பி."

அடுத்த திங்கட்கிழமை காலைப் பேருந்தில் பையைத் திறக்கக்கூட இடமில்லாத கூட்டம். தறியில் நின்றபோது சாயங்காலப் பேருந்தையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாணிக்கவேலின் கொட்டகையில் பன்னிரண்டு தறிகள். தகரக் கூரை. தறி ஓடும்போது உள்ளே யாரும் பேசுவதில்லை, வாயசைப்பார்கள். வெளியாள் யாராவது வந்தால் தொண்டை கிழியக் கத்துவான். உள்ளே இருப்பவர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். உண்ணாமலைக்கு எதிர்வரிசையில் நின்ற சங்கீதா, மாமியார் திட்டியதிலிருந்து மருமகன் சீர் கேட்டதுவரை எல்லாவற்றையும் உதட்டிலேயே சொல்வாள். ஒரு சொல் தவறாமல் உண்ணாமலைக்குப் போய்ச் சேரும். வேலை விட்டு வெளியே வந்தால் எல்லோருக்கும் காது கம்மென்று அடைத்திருக்கும். "தறி காதுல ஏறிகிச்சி," என்பார்கள். காலையில் சரியாகிவிடும் என்பதும் கொட்டகையின் நம்பிக்கை. அது உண்மையாகச் சரியாகிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. காலையில் மறுபடியும் வந்து நிற்கப்போவது அதே தறிமுன்தானே.

அன்று சாயங்காலம் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஹெட்போனை விரித்து மாட்டிக்கொண்டு, தனக்கு மிகவும் பிடித்த அம்மன் பாட்டைப் போட்டாள். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் சலங்கை மட்டும் தனியாக ஓடிவரும். தூரத்திலிருந்து யாரோ ஓடிவருவது போல, வரவரப் பெரிதாகி, வாசலில் வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் உடுக்கை விழும். சின்ன வயதில் ஆடி மாதத்தில் குழாய் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுத் தெருவில் ஆடியிருக்கிறாள்.

பாட்டு ஓடியது. ஒன்றும் வரவில்லை. நின்றுவிட்டதோ என்று செல்லைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று உடுக்கை விழுந்தது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சலங்கை இல்லை. செல்லை வெறுமனே காதில் வைத்துக் கேட்ட நாளில் எல்லாம் பேருந்து இரைச்சலில் கேட்கவில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது காதிலேயே மாட்டியும் கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே? மலிவுச் சாமானில்தான் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் கடையில் கூட்டம். "தம்பி, இதுல சலங்கை வரல," என்றாள்.

"இன்னா வரல?"

"சலங்கை. தபேலா வருது, உடுக்கை வருது. சலங்கை வரல."

ஜினேந்திரன் ஒரு கையில் யாருடைய செல்லுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் அதைக் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "சில பீஸ் அப்பிடி வந்துடும்க்கா," என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தான். அதிலும் சலங்கை வரவில்லை. அந்த வாரக் கடைசியில் உண்ணாமலை மகளையும் இழுத்துக்கொண்டு மறுபடி படியேறினாள். இந்தமுறை கோபத்தோடு.

"ஏழைப்பட்டவன்னு ஏமாத்தறியா தம்பி? காசு கொஞ்சம்னா பாட்டுல பாதியப் புடுங்கிகினு குடுப்பியா?"

"ஐயோ அக்கா, அப்பிடி எல்லாம் எவனும் செய்ய முடியாதுக்கா. குடுங்க, நானே கேக்கறேன்."

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். உண்ணாமலை அந்த அம்மன் பாட்டைப் போட்டாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் விரல்கள் கண்ணாடி மேசைமேல் சின்னதாக, வேகமாகத் தட்டின. அவன் தட்டி முடித்த பிறகுதான் செல்லில் உடுக்கை விழும் நேரம் வந்தது. எத்தனையாவது நொடியில் அது விழும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஜினேந்திரன் பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தான். ஹெட்போனைக் கழற்றி தேவிப்ரியாவிடம் கொடுத்தான். அவளும் கேட்டாள். கேட்டுவிட்டு ஜினேந்திரனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். உண்ணாமலை இருவர் முகத்தையும் பார்த்தாள். முகத்தைப் படிப்பது அவள் தொழிலோடு வந்த பழக்கம். அதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

"இன்னாடி?"

"சலங்கை வருதும்மா. நல்லாவே வருது."

"பொய் சொல்ற."

"சாமி சத்தியமா வருதும்மா."

ஜினேந்திரன் தன் செல்லில் ஒரு புதிய பாட்டைப் போட்டு அவள் காதில் மாட்டிவிட்டான். "இதுல இன்னா இன்னா கேக்குதுக்கா? சும்மா சொல்லுங்க."

"டம்மு டம்முனு இடிக்குது. ஒரு ஆளு பாடறான். வேற இன்னா இருக்குது?"

அவன் ஹெட்போனைத் தேவிப்ரியா காதுக்கு மாற்றினான். அவள் கேட்டுச் சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. "இதுல புல்லாங்குழல் ஓடிகினே இருக்குதும்மா. பாட்டு முழுக்க. பின்னால கொலுசு மாதிரி ஒண்ணு குலுங்கிகினே இருக்குது."

"அக்கா எங்க வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டான் ஜினேந்திரன்.

"பவர்லூம்."

"எத்தினி வருஷமா?"

"இவ பொறக்கறதுக்கு முன்னாலருந்து."

அவன் கல்லாவைத் திறந்தான். "பணத்த வாங்கிக்கங்கக்கா."

"எதுக்கு? சாமான் நல்லாத்தான இருக்குது," என்று சொல்லிவிட்டு உண்ணாமலை ஹெட்போனை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

அன்று பேருந்தில் அவள் பாட்டுப் போடவில்லை. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொரோனா சமயத்தில் எல்லோரும் முகத்தை மூடியபோது யார் பேசுவதும் அவளுக்கு விளங்கவில்லை. துணி மறைக்கிறது என்று இருந்துவிட்டாள். மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் ஒன்றும் புரியாது. "மென்னு முழுங்காம பேசேண்டி" என்று எத்தனை முறை திட்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணும் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்துவிட்டது. பழைய பாட்டுகளில் புல்லாங்குழல் எங்கே வரும், வீணை எங்கே வரும் என்று அவளுக்கு மனப்பாடம். அதனால் காது கேட்காததை மனசு போட்டு நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. புதிய பாட்டுகளை நிரப்ப அவளிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவை வெறும் இடியாக இருந்தன.

தேவிப்ரியா விடவில்லை. காது டாக்டரிடம் அழைத்துப்போனாள். சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒரு நர்ஸ் பெண் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். உண்ணாமலை மளமளவென்று அமுக்கினாள். ஒன்றைக்கூட விடவில்லை. நர்ஸ் பெண் காகிதத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

"அம்மா, நீங்க சத்தத்தக் கேட்டு அமுக்கறீங்களா, என் வெரலப் பாத்து அமுக்கறீங்களா?"

உண்ணாமலைக்கே அது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் அசைந்தால் இங்கே இவள் விரலும் அசைந்திருக்கிறது. ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அவளுக்குக் கேட்பது என்றாலே அதுதான். நர்ஸ் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

வெள்ளைச் சுவர். உண்ணாமலை பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. பரீட்சை இன்னும் தொடங்கவில்லை போல என்று நினைத்தாள். எப்போதோ அடியில் ஒரு ஊங்காரம் வந்தது, அமுக்கினாள். மறுபடி ஒன்றும் இல்லை. அந்த அமைதியில் காதுக்குள் எங்கோ ஒரு வண்டு இரைந்துகொண்டிருந்தது. அது மட்டும் நிற்கவே இல்லை.

டாக்டர் அம்மாள் நல்ல மாதிரிதான். முகத்துக்கு நேராக, மெதுவாகப் பேசினார். "மெல்லிசான சத்தமெல்லாம் உங்களுக்குப் போயிடுச்சு. போனது திரும்ப வராது. இருக்கறதக் காப்பாத்தலாம். அதுக்குத் தறிச் சத்தத்த விடணும். இல்லன்னா பத்து வருஷம் கழிச்சுப் பேச்சும் கேக்காது. பாட்டும் சத்தமா வெச்சுக் கேக்காதீங்க."

"தறிய வுட்டுட்டு இன்னா பண்றது மேடம்?"

டாக்டர் அம்மாள் சீட்டில் எதையோ எழுதினார். குறைந்தபட்சம் காதை அடைத்துக்கொண்டாவது வேலை செய்யச் சொன்னார்.

மறுநாள் உண்ணாமலை இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி அடைத்துக்கொண்டு தறிமுன் போய் நின்றாள். எதிர்வரிசையிலிருந்து சங்கீதா பார்த்துவிட்டாள். உதடு அசைந்தது. "இன்னாடி, பொணத்துக்கு வெக்கறா மாதிரி வெச்சிகினு வந்திருக்கற? மூக்குக்கும் வெச்சுட்டா தூக்கிடலாம்."

"பாட்டு மிச்சம் இருக்கறப்பவே சாவணுமா?" என்று உண்ணாமலை உதட்டிலேயே திருப்பிக் கொடுத்தாள். சங்கீதா தறியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். அந்தக் கொட்டகைக்குள் மட்டும் யாரும் செவிடு இல்லை.

பஞ்சு நாலு நாள் இருந்தது. சத்தம் குறைந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது, ஒரு பயமும் இருந்தது. தறி ஓட்டுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு தறி; கண் முன்னால் உள்ள தறியில், காது முதுகுப் பக்கத் தறியில். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா சரியாகப் போய்ச் சேராவிட்டால் தறியின் தாளம் ஒரு நொடி பிசகும். அந்த நொடிக்குள் கையை நீட்டி நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் நாடா நெட்டு இழைகளான பாவுக்குள் மாட்டிக்கொண்டு, நூலை நெருக்கும் சட்டத்தின் அடி விழுந்து, இழை இழையாக அத்தனையும் அறுந்துபோகும். காதில் மிச்சமிருந்த அடிச் சத்தத்தை வைத்துத்தான் இத்தனை நாளும் அவள் தாளம் பிடித்திருந்தாள். பஞ்சு அதையும் எடுத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் முன் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தபோது பின் தறியில் தாளம் பிசகியது. கொட்டகையில் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. சங்கீதா இரண்டு கையையும் தூக்கி ஆட்டியும் இவள் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை. திரும்பியபோது பட்டுப் பாவில் ஒரு முழ அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாணிக்கவேல் வந்து பார்த்தார். தறிகளை நிறுத்தச் சொன்னார். அவர் கத்துகிற மனிதரில்லை. அவளை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார்.

"காதுல இன்னாம்மா அது?"

"பஞ்சு மொதலாளி. டாக்டர் வெக்கச் சொன்னாங்க. காது போயிகினு இருக்குதாம்."

"எனக்குந்தான் போயிடிச்சி. எங்கப்பாவுக்கும் கடைசி காலத்துல கேக்கல. தறியில நிக்கறவங்களுக்கு அது வர்றதுதான். அதுக்காகக் காத அடைச்சிகினு தறி ஓட்ட முடியுமா? கண்ண மூடிகினு பஸ்ஸு ஓட்டறா மாதிரி இல்ல?"

"கொஞ்ச நாளுல பழகிடும் மொதலாளி."

"பழகறதுக்குள்ள எத்தினி பாவு போவும்? நீ நல்லா ஓட்டறவ, அதனாலதான் நிக்க வெச்சுப் பேசறேன். பஞ்ச எடுத்துட்டு வந்தா தறி உனுது. வெச்சிகினுதான் இருப்பேன்னா, தார் சுத்தற வேலைக்குப் போ. ஓரமா உக்காந்துக்கோ."

நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் அந்தத் தார் வேலையின் கூலி தறிக்கூலியில் பாதிகூட வராது. அதுவும் அதே கூரைக்குக் கீழே, அதே சத்தத்தில்தான். உண்ணாமலை மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். தேவிப்ரியாவின் அடுத்த வருடக் கல்லூரிச் செலவு நினைவில் வந்து போனது. வீரபாகுவின் முதுகுவலி வந்து போனது. வேறு எந்தக் கொட்டகைக்குப் போனாலும் இதே பேச்சுத்தான் என்பது தெரிந்தது. பாட்டைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் அந்த அம்மன் பாட்டின் உடுக்கை மனதில் விழுந்தது. இன்னும் கொஞ்ச வருடத்தில் அதுவும் விழாது.

விரலை விட்டுப் பஞ்சை எடுத்து மரத்தடியில் போட்டாள். உள்ளே போய் அறுந்த இழைகளை முடிய உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஊரில் பேச்சு வரத் தொடங்கியது. காது டாக்டரிடம் போனதை யார் சொன்னார்களோ. பால்காரன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, "அதுக்குக் காது அவுட்டு," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னான். அவன் உதட்டில் அவள் அதைப் படித்தாள். நாத்தனார் வீட்டு வளைகாப்பில் யாரோ எதையோ கேட்க, இவள் புரிந்ததுபோல் தலையாட்ட, சுற்றியிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன கேட்டார்கள் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தேவிப்ரியா மட்டும் முகம் சிவந்து எழுந்து போனாள்.

ஒருநாள் பேருந்திலிருந்து இறங்கியவள், ஹெட்போனைக் கழற்ற மறந்து அப்படியே ரேஷன் கடை வரிசையில் போய் நின்றுவிட்டாள். கடைக்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இவளுக்குக் கேட்கவில்லை. பின்னால் நின்ற பெண் தோளைத் தொட்டாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே காதைச் சுட்டிக்காட்டினார். "பாட்டு ஓடுதா? கழட்டிட்டு வாம்மா, அரிசி வாங்கணும்ல." வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது வளைகாப்பில் கேட்ட சிரிப்பு இல்லை. அந்தச் சிரிப்பில் அவளும் சேர்ந்துகொள்ள முடிந்தது.

அன்றிலிருந்து அவள் அதைக் கழற்றவில்லை. காய்கறிக் கடைக்கு, பேங்குக்கு, தண்ணீர்க் குழாயடிக்கு, எங்கே போனாலும் தலைமேல் அது இருந்தது. லேசானதாகப் பார்த்து வாங்கியதால் நாள் முழுக்க இருந்தாலும் வலிக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்காவிட்டால் இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. பக்கத்தில் வந்து, கையைத் தொட்டு, முகத்துக்கு நேராகப் பேசினார்கள். அப்படிப் பேசினால் அவளுக்கு எல்லாமே விளங்கியது. "இந்த வயசுல பாட்டுப் பைத்தியம் புடிச்சிகிச்சி இதுக்கு," என்று ஊர் சொன்னது. பைத்தியம் என்ற சொல்லை அவள் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டாள். ஹெட்போன் மடங்கும் இடத்தில் ஒரு கீல் உடைந்தபோது ஜினேந்திரன் கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று கேட்டாள். அவன் இதைவிட நல்ல சத்தம் வருவது ஒன்று வந்திருக்கிறது என்றான். "சத்தம் எப்பிடி இருந்தா இன்னா தம்பி, லேசா இருக்கணும்," என்றாள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் தேவிப்ரியாவும் அதே பேருந்தில் ஏறினாள். கூட்டம். அம்மா மூன்றாவது சீட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. தலை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். பதில் இல்லை. தோளைத் தட்டினார்.

"பாட்டக் கொஞ்சம் நிறுத்தும்மா. எங்க எறங்கணும்?"

அம்மா கண்ணைத் திறந்து, அவர் உதட்டைப் பார்த்து, சிரித்து, "தேவிகாபுரம்," என்றாள். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து நகர்ந்தார்.

தேவிப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். நின்ற பிறகுதான் ஒயரைப் பார்த்தாள். அது அம்மாவின் தோளிலிருந்து இறங்கி, முந்தானைக்கு மேலாக வந்து, மடியில் இருந்த பைக்கு வெளியே தொங்கியது. அதன் நுனியில் செல்லில் செருகும் பின் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அது எதிலும் செருகப்படவில்லை. செல்போன் அன்று காலையிலிருந்தே வீட்டில் சார்ஜில் கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது.

அம்மா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா குனிந்து, அவளுக்குத் தெரியாமல் அந்த நுனியை எடுத்துப் பைக்குள் விட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.